தீர்ப்புக்கு முந்திய தண்டனை

ஜனங்களின் அன்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிலையற்றது. இதற்கு அமெரிக்க ஹாஸ்ய நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை. ஊமைப்பட உலகின் முன்னோடிகளுள் ஒருவரான அவரது சரித்திரம் சினிமாப் பிரியர்களுக்கு மட்டும் உரியதன்று; நீதியிலும் பத்திரிகைத் தொழிலிலும் பற்றுடையோர் யாவரும் அறியத் தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

1887-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி, கான்சாஸ் மாகாணத்து ஸ்மித் சென்டர் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தகப்பனாரின் ஆதரவும் கிட்டவில்லை. இனிய சாரீரம் இருந்தமையால் பாடகராக மேடையேறிப் பிழைத்தார். 1913-ல் மாக் ஸென்னட்டின் கீஸ்டோன் கம்பெனியில் சேர்ந்தார். ஸ்தூல சரீரியாயினும் கழைக்கூத்தாடியின் லாகவம் அவரிடம் இருந்தது. தடியன் என்று பொருள்படும் பட்டப்பெயரை உலகம் அவருக்குச் சூட்டிற்று. அவரோ அதை விரும்பியதில்லை. உடற்பருமனைக் காட்டி மலிவான சிரிப்பைத் தேடவும் அவர் இசையவில்லை. படங்களைத் தாமே டைரக்ட் செய்தார். 1914-ல் கீஸ்டோனில் புதிதாய் நடிக்கத் தொடங்கிய சாப்ளின் அவருடன் சேர்ந்து நடித்தார். 1917-ல் பஸ்டர் கீட்டனை முதன்முதலாகத் திரையில் தோன்றச் செய்தவரும், காமிராவின் நுட்பங்களை அவருக்குக் கற்பித்தவரும் ஆர்பக்கிளே.

இவ்வாறு கீர்த்தியும் செல்வமும் உச்சத்தில் இருக்கையில் இடி விழுந்தது. 1921 செப்டம்பர் 5-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஹோட்டல் ஒன்றில் அவரது அறைகளில் விருந்து நடந்தது. அங்கு வந்திருந்த வர்ஜினியா ராப்பே என்ற நடிகை திடீரென நோயுற்று, 9-ந் தேதி உயிர் நீத்தார். நீர்ப்பை கிழிந்து அதனால் வயிற்றினுள் உண்டான அழற்சியே மரண காரணம். முதலில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. பின்னர் அது கொலையாகாத மரணத்தை விளைவித்த குற்றமாகக் குறைந்தது.

சாட்சியம் தொடங்குமுன்பே பத்திரிகைகள் தீர்ப்பெழுதிவிட்டன. ஹெர்ஸ்ட் என்பாரின் பத்திரிகைகள் நாள்தோறும் புதுப்புதுக் கதைகளைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. கொட்டகைகள் அவருடைய படங்களை நிறுத்தின. மாண்ட பெண்மணியின் நற்பெயரும் இச்சந்தடியில் தப்பவில்லை.

நியாயஸ்தலத்தில் நடந்தது என்ன? மூன்று முறை விசாரணை நடந்தது. முதல் ஜூரியில் 10 பேர் விடுதலைக்கும் 2 பேர் தண்டனைக்கும் நின்றனர். இரண்டாம் ஜூரியில் இக்கணக்குத் தலைகீழாயிற்று. முதன்முதல் குற்றம் சாட்டிய பெண்ணைப் பிராசிக்யூஷன் தரப்பார் ஒரு முறையேனும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. குறுக்கு விசாரணைக்கு நில்லாத குற்றச்சாட்டின் மதிப்பு யாதென வாசகர்களே தீர்மானிக்கலாம். 1922 ஏப்ரல் 12-ந் தேதி மூன்றாம் ஜூரியார் சில நிமிஷங்களிலேயே அவர் நிரபராதி என்றனர்; அத்துடன் நில்லாமல், அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதென எழுத்து மூலம் வருத்தமும் தெரிவித்தனர். வழக்குத் தொடர்ந்தவர் அன்றி, வழக்கைக் கேட்டவர்கள் வருந்தினார்கள்!

எனினும் ஆறே தினங்களில், சினிமா முதலாளிகள் சங்கத் தலைவர் வில் ஹேஸ் அவரைத் திரையினின்றும் விலக்கி வைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் தடை நீங்கியும் பழி நீங்கவில்லை. வில்லியம் குட்ரிச் என்னும் புனைபெயரில் மறைந்து நின்று பிறர் நடிக்கும் படங்களை டைரக்ட் செய்தார். கீட்டன் போன்ற நண்பர் சிலரே கைவிடாதிருந்தனர். பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1932-ல் பேசும் படத்தில் தம் சொந்தப் பெயரோடு தோன்றினார். ஆறு சிறு படங்கள் முடிந்தன. 1933 ஜூன் 29-ந் தேதி நியூயார்க்கில், 46-ம் வயதில், நித்திரையிலேயே காலமானார்.

சட்டம் அவரை விடுவித்தது, பத்திரிகை விடுவிக்கவில்லை. குற்றச்சாட்டைப் பெரிய எழுத்திலும் விடுதலையைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் வழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமன்று. நமக்குப் பிடிக்காதவர்மீது பழி எழும்போது, அதை நம்பிவிட நம் மனம் எவ்வளவு ஆவலுறுகிறது! பொது வாழ்வில் ஈடுபட்டோரும், பேனா பிடிக்கும் நாமும், அத்தருணத்தில் மூன்றாம் ஜூரியாரை நினைவு கூர்வோமாக.