தன் தவறைத் தானே கல்லில் வெட்டிய அசோகர்: நம்மை நாமே மன்னிப்பது எப்படி?

கொல்லப்பட்டவர்கள் 1,00,000 பேர். சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 1,50,000 பேர். போரின் விளைவாக இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

கலிங்கப் போரின் இந்தக் கணக்கை வெளியிட்டது தோற்றுப்போன நாடு அல்ல. போரை நடத்தி ஜெயித்த மௌரியப் பேரரசர் அசோகர்தான் இதைக் கல்லில் வெட்டச் சொன்னார். இவ்வளவு முழு எண்களாக இருப்பதைப் பார்த்தால் உத்தேசக் கணக்கு போலத்தான் தெரிகிறது. ஆனாலும், தன்னால் நேர்ந்த இழப்பின் டேட்டாவைத் தானே வெளியிடும் அரசு எவ்வளவு அபூர்வம் என்று நமக்குத் தெரியும், இல்லையா?

இன்னொன்றும் உண்டு. பிற்காலப் பௌத்த நூல்களான மகாவம்சமும் அசோகாவதானமும் இந்தப் போரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அசோகர் வாய்மூடி இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

ஆபீஸில் ஒரு மெயில் தப்பான ஆளுக்குப் போய்விட்டாலே, இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். இத்தனை உயிர்களின் சுமையோடு ஒருவர் இன்னும் சுமார் 30 ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்?

போருக்குப் பிறகு என்ன நடந்தது?

சந்திரகுப்த மௌரியரின் பேரன், பிந்துசாரரின் மகன் அசோகர். இன்றைய பாட்னாவான பாடலிபுத்திரத்தில் இருந்து கி.மு. 268 வாக்கில் ஆளத் தொடங்கினார். முடிசூடி 8 ஆண்டுகள் ஆனபோது, இன்றைய ஒடிசா கடற்கரையை ஒட்டிய கலிங்கத்தை வென்றார்.

ஒரே நாளில் மனம் திருந்தி வாளைத் தூக்கி எறிந்தார் என்று சினிமா மாதிரி சொல்வார்கள். அவருடைய சிறு பாறைக் கல்வெட்டு சொல்லும் கதை வேறு. பௌத்த உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் முதல் ஓராண்டு பெரிதாக முயற்சி எடுக்கவில்லை என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். சங்கத்தோடு நெருங்கிப் பழகிய பிறகுதான் தீவிரம் வந்ததாம். தியான ஆப்பை டவுன்லோட் செய்துவிட்டு நாலாவது நாளே மறந்துபோனவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

குற்றவுணர்வைப் பௌத்தம் எப்படிப் பார்க்கிறது?

இரண்டு உணர்வுகளை அது தனித்தனியாகப் பிரிக்கிறது. தவறு செய்யக் கூசும் நாணத்தையும் அச்சத்தையும் நல்ல காவலர்களாக மதிக்கிறது. நடந்து முடிந்ததையே திரும்பத் திரும்பக் கிளறும் வருத்தத்துக்குப் பாலி மொழியில் குக்குச்ச என்று பெயர். மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளில், அலைபாயும் மனத்தோடு சேர்த்து இதையும் எண்ணுகிறார்கள். அதாவது, தன்னைத்தானே வறுத்தெடுப்பது பொறுப்பு ஆகாது. தவறைத் தெளிவாகப் பார்க்கவிடாத இன்னொரு திரை அது.

அப்படீன்னா என்னதான் செய்வது? ராஜஸ்தானின் பைராட்டில் கிடைத்த அசோகர் கல்வெட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய 7 பௌத்த உரைகளை அவர் அதில் பட்டியலிடுகிறார். அவற்றில் ஒன்று, பொய் பேசுவது குறித்துப் புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை.

அந்த உரையின் மையம் எளிமையானது. முகம் பார்க்கக் கண்ணாடி எப்படியோ, செயலைப் பார்க்க மனம் அப்படி. செய்வதற்கு முன், செய்யும்போது, செய்த பிறகு என மூன்று முறை கவனி: இது எனக்கோ பிறருக்கோ தீங்கு செய்கிறதா? தீங்கு நடந்துவிட்டால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் சொல். இனி அதைச் செய்யாதே. மைண்ட்ஃபுல்னெஸ் என்று நாம் இன்று சொல்வதன் பழைய, கறாரான வடிவம் இது.

அசோகர் என்ன செய்தார்?

பார்த்தார், வெளியே சொன்னார், பிறகு பழக்கத்தை மாற்றினார். அரண்மனைச் சமையலறையில் தினமும் லட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது 2 மயில்கள், 1 மான் மட்டுமே, மானும் எப்போதாவதுதான், இனி அதுவும் இருக்காது என்று முதல் பெரும்பாறைக் கல்வெட்டில் அறிவிக்கிறார். முழுசாகத் திருந்திய பிறகு எழுதலாம் என்று காத்திருக்காமல், பாதி வழியில் நிற்பதையே பதிவு செய்கிறார்.

மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்தார். அந்தப் பட்டியலில் தன் ஆட்சிக்கு வெளியே இருந்த சோழர், பாண்டியர் நாடுகளையும் இரண்டாம் கல்வெட்டு சேர்க்கிறது.

போர் முடிந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆன காலத்துத் தூண் கல்வெட்டுகளிலும் சுயபரிசோதனை தொடர்கிறது. மனிதர் தன் நல்ல செயலை மட்டுமே பார்க்கிறார், கெட்டதைப் பார்ப்பது கடினம் என்பது மூன்றாம் தூண் கல்வெட்டின் கருத்து. கோபம், கொடுமை, கர்வம், பொறாமை ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வருத்தம் தெரிவிக்கும் அதே 13-ம் கல்வெட்டில், காட்டுவாசிகளுக்குத் தன் பலத்தை நினைவூட்டி எச்சரிக்கவும் செய்கிறார். கலிங்க மண்ணில் உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளிலோ அந்த 13-ம் கல்வெட்டையே காணோம். வருத்தத்தைக் கேட்க அதிக உரிமை உள்ளவர்கள் வாழ்ந்த இடத்தில் அது இல்லை.

அதற்குப் பதில் அங்கே இருப்பது, அதிகாரிகளுக்கான கட்டளை. எல்லா மக்களும் என் பிள்ளைகள். காரணமின்றி யாரையும் சிறையில் அடைக்கவோ வதைக்கவோ கூடாது. இதைக் கண்காணிக்க 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வருவார். வருத்தத்தை மறைத்தது கோழைத்தனமா, அரசியலா? வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால், வருத்தத்தை நடைமுறை விதியாக மாற்றினார் என்பதை மறுக்க முடியாது.

கி.மு. 232 வாக்கில் அசோகர் இறந்தார். இழந்தவர்களின் மன்னிப்பை அவர் தானே தனக்கு எழுதிக்கொள்ள முடியாது, நம்மாலும் முடியாது. நம் கையில் இருப்பது, கணக்கை அழிக்காமல் வைத்துக்கொண்டு அடுத்த நாளை வேறு மாதிரி நடத்துவது மட்டும்தான். அடுத்த முறை இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால், நம்மைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மூன்றே கேள்விகள் போதும்: யாருக்கு வலித்தது? யாரிடம் சொல்ல வேண்டும்? காலையில் எதை மாற்றப் போகிறேன்?