நேரில் பார்க்காமலேயே ஒருவரின் மனத்தை எடைபோட முடியுமா? பேரி கோல்ட்வாட்டரின் கதை

தொலைக்காட்சியில் ஓர் அரசியல்வாதி ஆவேசமாகப் பேசுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு, இந்த ஆளுக்கு ஏதோ கோளாறு என்று தோன்றுகிறது. காப்பிக்கடையில் நண்பர்களிடமும் அதைச் சொல்கிறீர்கள். நாம் எல்லாரும் செய்வதுதான்.

ஆனா அதையே ஒரு மனநல மருத்துவர் சொன்னால்? அதுவும் அந்த அரசியல்வாதியை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல்?

1964இல் அமெரிக்காவில் 1,189 மனநல மருத்துவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது அதிபர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரைப் பற்றி. அந்தச் சம்பவத்தால் பிறந்த ஒரு விதி இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

யார் இந்த கோல்ட்வாட்டர்?

1909இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் பிறந்தவர். அப்போது அரிசோனா ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை. தாத்தா போலந்திலிருந்து வந்த யூதர். குடும்பத்துக்குச் சொந்தமாகப் பெரிய கடை இருந்தது. தந்தை இறந்ததும் கோல்ட்வாட்டர் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டார், கடையைக் கவனிக்க வந்துவிட்டார்.

ஆனால் மனசு கடையில் இல்லை, வானத்தில் இருந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானியாக இருந்தார். வாழ்நாளில் 150க்கும் அதிகமான விமான வகைகளை ஓட்டியிருக்கிறார். புகைப்படம் எடுப்பதிலும் ஆர்வம் அதிகம். அரிசோனாவின் பூர்வகுடி மக்களை அவர் எடுத்த படங்கள் பேர் பெற்றவை.

1952 தேர்தலில் வென்று செனட்டர் ஆனார். அரசாங்கம் சிறிதாக இருக்க வேண்டும், கம்யூனிசத்தை விட்டுக்கொடுக்காமல் எதிர்க்க வேண்டும். இதுதான் அவரது அரசியல். 1960இல் அவர் பெயரில் வந்த புத்தகம் பழைமைவாதிகளிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. நான்கே ஆண்டில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகிவிட்டார்.

மக்கள் ஏன் அவரைக் கண்டு பயந்தார்கள்?

அவர் வாய்தான் காரணம். கிரெம்ளின் மாளிகையின் கழிவறைக்குள் ஒரு குண்டு போட வேண்டும் என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். அணுவாயுதத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை ராணுவத் தளபதிகளுக்கும் தரலாம் என்று பேசினார். சுதந்திரத்தைக் காக்கத் தீவிரவாதம் காட்டுவது குற்றமில்லை என்ற கருத்தை வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோதே முன்வைத்தார்.

கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. ஒரு பொத்தானை அழுத்தினால் உலகமே போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அதை எதிர்த்தரப்பு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. பூவின் இதழ்களைப் பறித்து எண்ணும் ஒரு சிறுமி, உடனே அணுகுண்டு வெடிப்பு. அந்த விளம்பரத்தில் கோல்ட்வாட்டரின் பெயரே வரவில்லை. பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

அதே ஆண்டு, இன ஒதுக்கலைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தும் அவர் வாக்களித்தார். மாநிலங்களின் உரிமையில் மத்திய அரசாங்கம் தலையிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இத்தனைக்கும், அரிசோனாவின் விமானப்படைக் காவல் பிரிவில் கறுப்பினத்தவரை மற்றவர்களோடு சேர்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு. மனிதர்களை எடைபோடுவது ஏன் கஷ்டம் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம்.

12,356 பேருக்குப் போன ஒரே கேள்வி

நியூயார்க்கில் ஃபேக்ட் என்ற இதழை நடத்தியவர் ரால்ஃப் கின்ஸ்பர்க். கோல்ட்வாட்டர் வேட்பாளர் ஆன கையோடு, நாட்டின் மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பினார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அதிபராகப் பணியாற்ற மனத்தளவில் கோல்ட்வாட்டர் தகுதியானவரா?

வந்த பதில்களைப் பாருங்கள்:

• கடிதம் போனது 12,356 பேருக்கு
• பதில் எழுதியவர்கள் 2,417 பேர்
• தகுதியில்லை என்றவர்கள் 1,189 பேர்
• தகுதி உண்டு என்றவர்கள் 657 பேர்
• சொல்லும் அளவுக்குத் தனக்குத் தெரியாது என்றவர்கள் 571 பேர்

இதழின் அட்டையில் வந்தது எந்த எண் தெரியுமா? 1,189 மட்டும்தான். கடிதம் பெற்றவர்களில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய 10,000 பேர் வாயே திறக்கவில்லை. அந்த அமைதி அட்டையில் வரவில்லை.

உள்ளே வந்த பதில்கள் இன்னும் மோசம். சிலர் அவரை ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் ஒப்பிட்டார்கள். சிலர் அவரது குழந்தைப் பருவத்துக்கே போய்க் காரணம் தேடினார்கள். பெயர் போடாமல் எழுதியவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தது தொலைக்காட்சியில் தெரிந்த கோல்ட்வாட்டரை, படித்தது நாளிதழ்ச் செய்தியை. அதாவது உங்களுக்கும் எனக்கும் கிடைக்கும் அதே தகவல்தான். கூடுதலாக இருந்தது மருத்துவர் என்ற பட்டம் மட்டுமே.

நீதிமன்றத்தில் என்ன ஆச்சு?

நவம்பரில் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். 50 மாநிலங்களில் ஆறுதான் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த இதழை அவர் சும்மா விடவில்லை. அவதூறு வழக்குப் போட்டார்.

பிரபலங்கள் அவதூறு வழக்கில் வெல்வது அமெரிக்காவில் எளிதல்ல. பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கடுமையான விதியை உச்ச நீதிமன்றம் வகுத்ததும் அதே 1964இல்தான். மருத்துவர்கள் எழுதிய பதில்களை இதழ் வெட்டித் திருத்தி வெளியிட்ட விவரம் வழக்கில் வெளிவந்தது.

1968இல் நடுவர் குழு கோல்ட்வாட்டர் பக்கம் தீர்ப்பளித்தது. அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு இழப்பீடு ஒரே ஒரு டாலர்! ஆனால் தண்டனைத் தொகை 75,000 டாலர். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு மாறவில்லை.

அதன்பின் வந்த விதி

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்த இதழின் செயலை அப்போதே கண்டித்தது. 1973இல் தனது நெறிமுறையில் ஒரு விதியையும் சேர்த்தது. அதுதான் கோல்ட்வாட்டர் விதி.

விதி சொல்வது எளிமையானது. மனநலம் பற்றிப் பொதுவாக ஒரு மருத்துவர் பேசலாம். ஆனால் ஒரு பிரபலத்தைத் தானே சோதிக்காமல், அவரது அனுமதியும் இல்லாமல், அவருக்கு இன்ன நோய் என்று பொதுவில் சொல்லக் கூடாது.

எல்லாரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. நாட்டுக்கு ஆபத்து என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றினால் எச்சரிப்பது அவர் கடமையில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. டோனல்ட் டிரம்ப் முதன்முறை அதிபரானபோது இந்த வாதம் மறுபடியும் சூடுபிடித்தது. 2017இல் சங்கம் விதியை மீண்டும் உறுதிசெய்தது.

அப்படின்னா தூரத்திலிருந்து யாரையுமே ஆராயக் கூடாதா?

ஆராய்ந்திருக்கிறார்கள், சில சமயம் பலனும் கிடைத்திருக்கிறது. 1943இல் அமெரிக்க உளவுத்துறை கேட்டுக்கொண்டதால் வால்ட்டர் லேங்கர் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஹிட்லரைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். ஹிட்லரை நெருக்கமாக அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். தோல்வி நெருங்கினால் ஹிட்லர் தற்கொலை செய்துகொள்ளும் சாத்தியமே அதிகம் என்றார். 1945இல் அதுதான் நடந்தது.

1978இல் கேம்ப் டேவிட் பேச்சுக்கு முன், எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின் இருவரின் குணங்களைப் பற்றி உளவுத்துறை தயாரித்த குறிப்புகளை அதிபர் ஜிம்மி கார்ட்டர் கவனமாகப் படித்தார். சதாத் பெரிய இலக்கைப் பார்ப்பவர், பெகின் ஒவ்வொரு சொல்லையும் அலசுபவர். இருவரையும் எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்க அது உதவியது. 13 நாள் பேச்சு உடன்பாட்டில் முடிந்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? அந்த ஆய்வுகள் ரகசியமாக, பல மூலங்களைக் கொண்டு தயாரானவை. இந்த மனிதர் அடுத்து என்ன செய்வார் என்பதே அங்கே கேள்வி. ஃபேக்ட் இதழ் செய்தது வேறு. தேர்தல் நேரத்தில் ஒருவர்மீது நோயின் பெயரை முத்திரையாகக் குத்தியது. அதில் மனநோயுள்ள சாதாரண மக்களுக்கும் அவமானம்தான். அவர்களின் நோய், வசைச் சொல்லாகிவிட்டது.

கணிப்பு பலித்ததா?

கோல்ட்வாட்டர் வந்தால் போர் மூளும் என்று பயந்து பலர் லிண்டன் ஜான்சனுக்கு வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே வியட்நாமுக்குப் போர்ப் படைகளை அனுப்பியவர் ஜான்சன். 1968க்குள் அங்கே ஐந்து லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள்.

கோல்ட்வாட்டர் அதிபராகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் பிறகு எப்படி வாழ்ந்தார் என்பது பதிவில் இருக்கிறது. 1969இல் மறுபடியும் செனட்டுக்குத் திரும்பினார். 1974 ஆகஸ்ட்டில், வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கிய தன் கட்சி அதிபர் நிக்சனை இரண்டு தலைவர்களோடு போய்ப் பார்த்தார். செனட்டில் அவருக்கு ஆதரவு மிச்சமில்லை என்ற நிலவரத்தை நேருக்கு நேர் எடுத்துச் சொன்னார். மறுநாள் நிக்சன் பதவி விலகுவதாக அறிவித்தார். வயதான காலத்தில், ஓரினச் சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் பணியாற்றலாம் என்று வெளிப்படையாகப் பேசி, சொந்தக் கட்சிக்காரர்களின் கோபத்துக்கும் ஆளானார். 1998இல், 89 வயதில் காலமானார்.

அடுத்த முறை ஒரு தலைவருக்கு மனநோய் என்று யாரோ ஒரு நிபுணர் சொல்லும் காணொளி உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இவர் அந்தத் தலைவரைச் சோதித்தாரா? எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொல்லவில்லை? இவர் குறைசொல்வது அந்தத் தலைவரின் மனத்தையா, கொள்கையையா?

கொள்கை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக எதிர்க்கலாம். கோல்ட்வாட்டரின் அணுவாயுதப் பேச்சை எதிர்க்கவும், குடியுரிமைச் சட்டத்தில் அவர் அளித்த வாக்கைக் கண்டிக்கவும் போதுமான காரணங்கள் இருந்தன. அதற்கு மருத்துவச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை.