எறிகணையும் தலைக்கவசமும் வார்த்த உருக்காலை

புகையிரதப் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கறுக்கும் இடத்தில் சில்லுகளின் இடி ஓயாது விழுகின்றது. சாதாரண உருக்கு அங்கு விரைவில் தேய்ந்துபோகும். அந்த இடியையே தன் பலமாக்கிக்கொள்ளும் கலப்புலோகம் மங்கனீசு உருக்கு. அதனை உலகுக்கு அளித்தவர் சேர் றொபேட் ஹட்ஃபீல்ட்.

1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பிறந்த அவர், 1872இல் தந்தை தொடங்கிய உருக்கு வார்ப்பாலையிலேயே தொழில் பயின்றார். மங்கனீசு சற்று மிகுந்தாலும் உருக்கு நொறுங்கிவிடும் என்பதே அக்கால அனுபவம். ஆகவே பிறர் அத்துடன் நிறுத்திக்கொண்டனர். இளைஞரான ஹட்ஃபீல்ட் நிறுத்தவில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே சென்றார். 1882இல், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவை எட்டியபோது, நொறுங்க வேண்டிய உலோகம் வியத்தகு உறுதி பெற்றிருந்தது. காய்ச்சி நீரில் தோய்த்தால் மற்றைய உருக்கு இறுகி உடையும் தன்மை பெறும். இதுவோ நெகிழ்ந்து உறுதியாகும். அடிபட அடிபட மேற்பரப்பு கடினமாகும். காந்தமும் இதனை ஈர்ப்பதில்லை.

தந்தை 1888இல் மறைந்தபின் நிறுவனத்தின் தலைமை மகனிடம் வந்தது. தண்டவாளச் சந்திகளுக்கும் கல்லுடைக்கும் இயந்திரங்களுக்கும் அவரது உருக்கு சென்றது. ஆயினும் நிறுவனத்தைப் பெரிதாக வளர்த்தது யுத்தமே. கவசத்தகட்டைத் துளைக்கும் எறிகணைகளை அது வார்த்துக் குவித்தது. எறிகணை என்றால் என்னவென்று நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விந்தை யாதெனில், 1915 முதல் பிரித்தானியச் சிப்பாய்களின் தலைக்கவசமும் அவர் கண்டுபிடித்த மங்கனீசு உருக்கினாலேயே செய்யப்பட்டது. அவருடைய மனைவியோ அப்போது பிரான்சில் காயமுற்றோருக்காக ஒரு வைத்தியசாலையை நடத்திவந்தார். ஒரே வீட்டிலிருந்து எறிகணையும் மருந்தும் போர்முனைக்குச் சென்றன.

நம் நாட்டுடனும் அவருக்கு ஒரு தொடர்புண்டு. கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற பழங்கால உளி, ஆணி முதலியவற்றைப் பகுப்பாய்ந்து, இலங்கையின் பண்டைய இரும்பும் உருக்கும் பற்றிய அவரது கட்டுரை 1912இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. புதிய கலப்புலோகத்தால் செல்வம் சேர்த்த ஆலை அதிபர், பெயர் தெரியாத நம் கொல்லரின் கைவேலையை ஆய்வுகூட மேசையில் மதிப்புடன் வைத்தார் என்பதே அவரிடம் எமக்கு மிகப் பிடித்தது.

1940இல் ஹட்ஃபீல்ட் காலமானார். கைமாறிக் கைமாறி நலிந்த நிறுவனம் 1983இல் மூடப்பட்டது. அதன் ஆலை நின்ற நிலத்தில் 1990இல் மெடோஹோல் என்னும் பெரும் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. மங்கனீசு உருக்கை மட்டும் தொழிலறிந்தோர் இன்றும் ஹட்ஃபீல்ட் உருக்கு என்றே அழைக்கின்றனர்.