திருத்தணி தந்த பேரறிஞர்

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணியில் 1888ஆம் ஆண்டு சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபொழுது, இந்தியச் சமய நெறிகளை அயல்நாட்டு ஆசிரியர் குறைகூறக் கேட்டார். முன்னோர் நெறி தாழ்ந்ததோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தை வருத்தியது. எனினும், சினந்து புதுக்கல்வியை வெறுத்தாரல்லர். நாணித் தம் மரபைத் துறந்தாரும் அல்லர். இரண்டையும் ஆழ்ந்து கற்றார். மாணவராய் இருந்தபொழுதே வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆராய்ந்து எழுதினார். 1936இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பழமையும் புதுமையும் போராடிய சீன நாட்டிற்கு 1944இல் சென்று, இருநாட்டுப் பண்பாட்டு உறவை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். 1962இல் இந்தியக் குடியரசுத் தலைவராய் உயர்ந்த அப்பெரியார் 1975இல் மறைந்தார். பிறர் பழிக்குங்கால் தம் மரபை ஆராய்ந்து தெளிபவர், தம்மை இழப்பதுமில்லை, பிறரை வெறுப்பதுமில்லை.