உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்தவர்

சென்னை தியாகராய நகரில் பெருநாள் ஜவுளி எடுக்க உஸ்மான் சாலைக்குப் போய் வந்தோர் நம்மில் பலர் உண்டு. அந்த உஸ்மான் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அவர்தாம் மர்ஹூம் ஸர் முஹம்மத் உஸ்மான் சாஹிப் அவர்கள். 1884-ல் பிறந்த அன்னார், சென்னை மாநகராட்சி உறுப்பினராகப் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார்கள். பின்னர் நீதிக்கட்சியின் சார்பில் மாகாண சட்டசபையிலும் அமர்ந்தார்கள்.

அக்காலத்தில் ஒரு பெரும் வழக்கு எழுந்திருந்தது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய நாட்டு வைத்தியங்களுக்கு அரசாங்கம் ஆதரவு தரலாமா, கூடாதா என்பதே அது. ஆங்கில வைத்தியம் கற்ற டாக்டர் கோமன் நாட்டு மருந்துகளை ஆராய்ந்து, அவற்றுக்குப் பாதகமான அறிக்கை தந்திருந்தார். தங்களைச் சரிவரக் கேட்காமலே தீர்ப்பு எழுதப்பட்டதென வைத்தியர்கள் மனம் குமுறினர். கிராமத்து ஏழைக்கு நோய் வந்தால் அவன் போவது இந்த வைத்தியரிடமும் ஹகீமிடமும்தான். ஆகவே இது வைத்தியர்களின் கௌரவப் பிரச்னை மட்டுமன்று. ஏழையின் உயிர்ப் பிரச்னையுமாகும்.

1921-ல், பனகல் ராஜா முதலமைச்சராயிருந்தபோது, இதனை விசாரிக்க ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. அதன் தலைமை உஸ்மான் சாஹிப் அவர்களிடம் வந்தது. அன்னார் டாக்டரும் அல்லர், ஹகீமும் அல்லர். கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி செயலாளராயிருந்தார். ஆங்கிலம் அறியாத வைத்தியர்களும் தத்தம் மொழியிலேயே சாட்சியம் எழுதித் தந்தனர். இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குக் கற்பித்த பாடமல்லவா?

1923-ல் அறிக்கை வெளிவந்தது. நாட்டு வைத்தியங்கள் அறிவின் அடிப்படையில் அமைந்தவையே என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. அதே வேளையில், அறுவைச் சிகிச்சையில் அவை பின்தங்கியிருப்பதை மறைக்கவுமில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டி, குறையைக் குறையென்று சொன்னது. அதன் பயனாக 1925-ல் சென்னையில் அரசாங்க இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. மூன்று வைத்தியங்களும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார். கீழ்ப்பாக்கத்திலிருந்த அவ்விடத்தில்தான் 1960-ல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று.

அதன்பின் பதவிகள் அன்னாரைத் தேடி வந்தன. கவர்னரின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினரானார்கள். 1934-ல் மூன்று மாதம் சென்னையின் தற்காலிக கவர்னராயிருந்தார்கள். 1940 முதல் 1942 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்; பின்பு 1946 வரை வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினர். தேசத் தலைவர்கள் சிறையிலிருந்த அந்நாட்களில் வெள்ளையர் ஆட்சியில் பதவி வகித்ததைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1960-ல் அன்னார் மறைந்தார்கள்.

கவர்னர் பதவி மூன்று மாதத்தில் முடிந்தது. கமிட்டித் தலைவராகப் பொறுமையோடு பிறர் சொல் கேட்டதன் பலனோ பல தலைமுறைக்கு நீண்டது. ஜமாஅத்திலோ குடும்பத்திலோ வழக்கு ஒன்று நம்மிடம் வரும்போது, ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு சொல்லிவிடுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

அல்லாஹ் அன்னாரின் நற்செயல்களை ஏற்று, பிழைகளை மன்னித்தருள்வானாக! ஆமீன்.