கேப்டன் சுந்தரமும் வெள்ளத்தில் மீண்ட குட்டிகளும்

அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதியதையும், அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து நன்றி மறவாமல் அவனுக்குத் துணைநின்றதையும் திருத்தக்கதேவரின் காப்பியத்தால் நம் சமுதாயத்தார் நன்கறிவர். அண்மைக் காலத்திலும், நம் தமிழகத்திலேயே, வீதியில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளால் தம் வாழ்வின் போக்கையே மாற்றிக்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் துறவியல்லர், விமானி. கேப்டன் வி. சுந்தரம் என்பது அவர் பெயர்.

1916-இல் பிறந்த சுந்தரம், 1941-இல் உஷா அம்மையாரை மணந்தார். பெங்களூரு ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளியில் அவர் பணியாற்றிய காலத்தில் உஷாவும் அங்கேயே விமானம் ஓட்டக் கற்று, 1949-இல் அப்பள்ளியில் தேர்ச்சி பெற்ற முதற்பெண்மணியானார். நேருவையும் பட்டேலையும் சுமந்து பறந்த பெருமை இவ்விருவருக்கும் உண்டு. 1951-இல் சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் இருவரும் ஓட்டி வந்தனர். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் நிகராக நின்று தொழில் செய்தது அக்காலத்தில் அரிய காட்சி.

1959-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சென்னை தியாகராய நகர் வீதிகளில் வெள்ளம் ஓடியது. அதில் இரண்டு குட்டிகள் தத்தளிப்பதைக் கண்ட சுந்தரம், அவற்றை எடுத்துத் தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். ஐயோ பாவம் என்று இரங்கிக் கடந்துபோவார் பலர். வீட்டுக்குள் ஏற்போர் சிலரே. அந்தச் சிலரில் ஒருவராக இருந்ததனால்தான் அவர் வரலாறு எழுதப்படுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டவையும் நோயுற்றவையும் வந்து சேர, வீடே காப்பகமாயிற்று. மனைவி மக்கள் யாவரும் உடனுழைத்தனர். அம்முயற்சியே புளூ கிராஸ் என்னும் அமைப்பாக வளர்ந்து, 1964-இல் பதிவு செய்யப்பட்டது. இக்காலத்தில்தான் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் விலங்குகள் நல வாரியமும் அவரைத் தலைவராகக் கொண்டு சென்னையில் அமைந்தது.

ஆயினும் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது நிற்கவில்லை. சுந்தரத்தின் மகனார் சின்னி கிருஷ்ணா பொறியாளர். கொல்லக் கொல்ல நாய்கள் குறையாதது ஏன் என்று கணக்குப் பார்த்தார். ஓரிடத்து நாய்களை அகற்றினால் வேறு நாய்கள் அவ்விடத்தை நிரப்பிப் பெருகும். ஆகவே கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே வழி என்று புளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்தி வந்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்றுத் தொடங்கியது 1996-இல். இடையில் 32 ஆண்டுகள்! அதற்கடுத்த ஆண்டே, 1997-இல், சுந்தரம் மறைந்தார். நாடு முழுமைக்குமான விதிகள் 2001-இல் வந்தன. உஷா அம்மையார் 2010 வரை வாழ்ந்தார்.

கருத்தடையும் உறுப்பறுத்தல் என்னும் அதிசாரத்தின்பாற் படாதோ என நம்மவருள் சிலர் ஐயுறுகின்றனர். கேட்கத்தக்க ஐயமே. மயக்க மருந்து கொடுத்து ஒருமுறை செய்யும் அறுவையையும், ஆண்டுதோறும் பிறந்து பிறந்து சக்கரத்தின் கீழும் தடியடியிலும் மடியும் குட்டிகளையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தபின், நாம் அறுவையின் பக்கமே நிற்கிறோம்.

காப்பகம் எவ்வளவு பெரிதாயினும் நிறைந்துவிடும். அங்கிருந்து ஒன்று இல்லம் புகுந்தால்தான் வீதியில் கிடக்கும் மற்றொன்றுக்கு இடம் கிடைக்கும். நாம் வாழும் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கையில் நாய்கள் தாமே எழுந்து ஒதுங்கி நிற்கும். எவரும் விரட்ட வேண்டுவதில்லை. ஆயினும் இல்லத்துக்குள் சேர்ப்பது என்றால் தயக்கம். புலால் உண்ணாத வீட்டில் நாய் வளருமா என்பது முதற்கேள்வி. பூனைக்கு அது பொருந்தாது. நாயோ கால்நடை மருத்துவர் கூறும் அளவில் சத்துக் குறையாமல் கொடுத்தால் மரக்கறி உணவிலும் நலமாக வாழவல்லது. வெறும் தயிர்சோறு மட்டும் போதாது. அதனினும் பெரிய கேள்வி, நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்போமா என்பது. கட்டுதலும் வேளைக்கு உணவு மறுத்தலும் கொல்லாமை விரதத்துக்கு அதிசாரம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, வாசலில் நாயைக் கட்டிப்போட்டு ஊருக்குப் புறப்படுவது எங்ஙனம் தகும்?

விலை கொடுத்துச் சாதி நாய் வாங்குவதை விடுத்து, காப்பகத்து நாட்டு நாயைத் தத்தெடுக்க விழைவோர் தடுப்பூசிச் சீட்டையும் கருத்தடை விவரத்தையும் கேட்டுப் பெறுக. புது வீட்டில் முதல் சில நாள்கள் அது உண்ணாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கலாம், வற்புறுத்தலாகாது. குட்டியே வேண்டும் என்று எல்லோரும் கேட்பதால் வளர்ந்தவை கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்துவிடுகின்றன. குட்டி நூற்கண்டையும் பாவையும் கடித்திழுக்கும். வளர்ந்த நாயின் அளவும் குணமும் முன்னரே தெரிந்திருக்கும். தறி உள்ள வீட்டுக்கு வளர்ந்ததே ஏற்றது.