வலிக்காத இடத்தை யார் பார்ப்பது?

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு வீல்சேரை மடிக்கத் தெரியுமா?

சிரிக்காதீங்க. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சும் எனக்குத் தெரியல. போன வருஷம் எங்க தாத்தாவுக்கு பக்கவாதம் வந்து, இடது பக்கம் விழுந்துடுச்சு. வீட்டுக்கு ஒரு மடக்கு வீல்சேர் வாங்கினோம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனப்போ அதை மதியம் பூரா வெயில்ல நிறுத்திட்டேன். திரும்பி வந்து தாத்தாவை உட்கார வெச்சு, கார் வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். அவர் ஒண்ணும் சொல்லல. ராத்திரி பாட்டி அவருக்கு வேட்டி மாத்தும்போதுதான் பார்த்தாங்க, இடது கெண்டைக்கால்ல பெரிய கொப்புளம். சூடான இரும்புக் குழாய் மேல கால் பட்டுக்கிட்டே இருந்திருக்கு. அந்தக் கால்ல அவருக்கு உணர்ச்சியே இல்ல.

அது ஆற ஒன்றரை மாசம் ஆச்சு. அப்போ வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னைத் திட்டல. அதுக்குப் பதிலா ஒரு பேரைச் சொல்லி, இவங்களைப் பத்திப் படிங்க தம்பின்னாங்க. அந்தப் பேர் டாக்டர் மேரி வர்கீஸ். படிச்சதைத்தான் உங்களுக்கு எழுதறேன். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

மேரி வர்கீஸ் 1925ல கேரளாவில், கொச்சி பக்கத்துல இருக்கிற செராய் என்ற கடலோர ஊரில் பிறந்தாங்க. வசதியான பெரிய குடும்பம். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படிச்சுட்டு, நம்ம வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, அதாவது சி.எம்.சி.க்கு டாக்டர் படிப்புக்கு வந்தாங்க. படிப்பை முடிச்சு டாக்டரும் ஆயிட்டாங்க.

1954. கூட வேலை பார்த்த இளம் டாக்டர்களோட ஒரு வண்டியில் போயிட்டிருந்தாங்க. வண்டி விபத்துல சிக்கிடுச்சு. மேரிக்கு முகத்துல பலத்த காயம், முதுகெலும்பு உடைஞ்சு தண்டுவடமும் பாதிப்பு. உயிர் பிழைச்சாங்க. ஆனா இடுப்புக்குக் கீழே அசைவும் இல்ல, உணர்ச்சியும் இல்ல. அப்போ அவங்களுக்கு வயசு இருபத்தெட்டு.

நம்மளைவிட ஏழு வயசுதான் பெரியவங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷம் படிச்சு, வேலை ஆரம்பிக்கிற நேரத்துல எல்லாம் நின்னு போச்சு. அந்தக் காலத்துல தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வு தர்ற ஏற்பாடு நம்ம நாட்டுல பெருசா ஒண்ணும் கிடையாது. அடிபட்டவங்கள்ல பல பேர் விபத்தால் சாகல, அதுக்கப்புறம் வர்ற படுக்கைப்புண்ணாலயும் சிறுநீர்த் தொற்றாலயும்தான் செத்தாங்க.

இங்கதான் பால் பிராண்ட் வர்றார். அவர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளோட மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வேலூரில் உருவாக்கினவர். மேரி திரும்ப டாக்டரா வேலை செய்யணும்னு அவர் உறுதியா இருந்தார். எப்படி முடியும்? வயித்து ஆபரேஷன் மாதிரி வேலைகளுக்கு டாக்டர் நிக்கணும். ஆனா கை ஆபரேஷனை டாக்டர்கள் வழக்கமாவே உட்கார்ந்துதான் செய்வாங்க. நோயாளியோட கை ஒரு சின்ன மேசை மேல இருக்கும், டாக்டர் எதிரே உட்காருவார். அப்போ அந்த இருக்கை வீல்சேரா இருந்தா என்ன?

அப்படித்தான் மேரி வர்கீஸ் வீல்சேரில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே திரும்பிப் போனாங்க. நல்லா வேலை செய்யற ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையோட வேலையைச் செய்யற மாதிரி வேற இடத்துல இணைக்கிறது நுணுக்கமான வேலை. அதைக் கத்துக்கிட்டு, தொழுநோயாளிகளோட கைகளை ஒண்ணொண்ணா சரி பண்ணாங்க. நடக்க முடியாத டாக்டர், நிமிர்த்த முடியாத விரல்களுக்கு அசைவு கொடுத்தாங்க.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தொழுநோயில் விரல்கள் தானா அழுகி விழுதுன்னுதான் ரொம்ப காலமா நினைச்சாங்க. பால் பிராண்டும் அவரோட குழுவும் கவனிச்சுப் பார்த்தப்போ வேற உண்மை தெரிஞ்சது. நோய் நரம்பைக் கெடுக்குது, அதனால வலி தெரியாமப் போகுது. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குறாங்க, ஆணி குத்தின காலோட நடக்கிறாங்க, தூங்கும்போது எலி விரலைக் கடிச்சாக்கூட முழிப்பு வரல. அந்தக் காயங்களும் அதுல வர்ற தொற்றும்தான் விரல்களை அழிக்குது. தீர்வு? தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கணும். வலி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்யணும்.

மேரி வர்கீஸ் இந்தப் பாடத்தை ரெண்டு பக்கத்துல இருந்தும் தெரிஞ்சவங்க. எதிரே இருக்கிற நோயாளிக்குக் கையில் உணர்ச்சி இல்ல. ஆபரேஷன் செய்யற டாக்டருக்குக் காலில் உணர்ச்சி இல்ல. ஒரே ஆபத்து ரெண்டு பேருக்கும். எங்க தாத்தாவோட கொப்புளம் எனக்கு இதைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சது. சென்சார் வேலை செய்யாத மெஷினுக்கு என்ன பண்ணுவோம்? ஆள் வெச்சு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவோம். அவ்வளவுதான்.

அதனால வீல்சேரில் உட்காருறவங்களுக்கு முதல் விதி உடம்புக்கானது. ஒரே இடத்துல அழுத்தம் இருந்தா அங்க ரத்த ஓட்டம் நின்னு தோல் செத்துப்போகும். நமக்கு வலிக்கும், நாம நெளிஞ்சு உட்காருவோம். உணர்ச்சி இல்லாதவங்களுக்கு அது தெரியாது. அதனால 15 நிமிஷத்துலிருந்து அரை மணி நேரத்துக்குள்ள ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கணும், முடியலன்னா முன்னாலயோ பக்கவாட்டிலோ சாயணும். குஷன் இல்லாம உட்கார வைக்கவே கூடாது. அடியில் ஒரு காசோ, சட்டைப் பொத்தானோ, துணிச் சுருக்கமோ இருந்தாக்கூட புண் வரும். மடியில் சூடான டீ டம்ளர் வைக்கக் கூடாது. ராத்திரி கண்ணாடி வெச்சாவது தோலில் சிவந்த இடம் இருக்கான்னு பார்க்கணும்.

மேரி வர்கீஸ் அதோட நிக்கல. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தாங்க. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுறது, தன் வேலையைத் தானே செஞ்சுக்கறது எல்லாம் முறையாக் கத்துக்கற விஷயம்னு அங்க பார்த்தாங்க. தனக்குக் கிடைச்சது நம்ம நாட்டு நோயாளிகளுக்கும் கிடைக்கணும்னு நியூயார்க் போய், ஹோவர்ட் ரஸ்க் நடத்தின நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவமே படிச்சாங்க. வீல்சேரோட ஒரு பெண் அந்தக் காலத்துல விமானம் ஏறி, வேற நாட்டுல படிச்சுட்டு வந்தாங்க!

இங்க மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு சின்னத் தகவல். வீல்சேரை மடிச்சு காருக்குள்ள வைக்கிற வசதி 1930களில்தான் பரவலாச்சு. அமெரிக்காவில் சுரங்க விபத்துல முதுகு உடைஞ்ச ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற எஞ்சினியரும், அவரோட நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து செஞ்சது அது. இரும்புக் குழாய்கள், அடியில் எக்ஸ் வடிவத்துல ரெண்டு குழாய், நடுவுல ஒரு போல்ட். எங்க தாத்தா நாற்காலியும் இன்னைக்கு அதே அமைப்புதான்.

அதை மடிக்கிற முறை இது. குஷனை எடுங்க, கால்மிதிகளை மேலே தூக்குங்க, சீட் துணியை நடுவுல பிடிச்சு மேலே இழுங்க. விரிக்கும்போதுதான் கவனம். சீட்டோட ரெண்டு பக்கக் குழாய்களையும் உள்ளங்கையால் கீழே அழுத்தணும், விரல்கள் உள்பக்கம் பார்த்து இருக்கணும். குழாயைச் சுத்திப் பிடிச்சா விரல் நசுங்கும். குழாய் ரெண்டும் தன் இடத்துல முழுசா உட்கார்ந்தாத்தான் எக்ஸ் சரியா விரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

1960களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பின மேரி வர்கீஸ், சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை ஏற்று நடத்தினாங்க. 1966ல பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. மரத்திலிருந்து விழுந்தவங்க, கிணத்துல விழுந்தவங்க, விபத்துல அடிபட்டவங்க அங்க வந்து தங்கி, திரும்ப வாழக் கத்துக்கிட்டாங்க. படுக்கையில் கிடந்து, இனி எதுவும் முடியாதுன்னு நினைக்கிற ஒருத்தர் முன்னாடி, துறைத் தலைவரே வீல்சேரில் வந்து நிக்கிறாங்கன்னா எப்படி இருந்திருக்கும்! 1972ல பத்மஸ்ரீ விருது கிடைச்சது. 1986 டிசம்பரில் காலமானாங்க. விபத்துக்கு அப்புறம் வீல்சேரில் வாழ்ந்தது முப்பத்திரண்டு வருஷம்.

அந்த முப்பத்திரண்டு வருஷத்தை நான் ஒரு எஞ்சினியரிங் மாணவனா யோசிச்சேன். கத்தி பிடிச்ச கை அசையாம இருக்கணும்னா, கீழே நாற்காலி அசையக் கூடாது. அதுக்கு பிரேக் பிடிக்கணும். பிரேக் டயரைத்தான் அழுத்துது, அதனால டயர்ல காத்து குறைஞ்சா பிரேக் வழுக்கும். இது எனக்குப் புதுசு! டயரோட பக்கத்துல எழுதியிருக்கிற அழுத்தம் இருக்கான்னு அடிக்கடி பாருங்க. அந்த பிரேக் நிறுத்தி வைக்கத்தான், ஓடும்போது வேகம் குறைக்க இல்ல.

வீல்சேருக்கும் வலி தெரியாது. போல்ட் லூஸ் ஆனா கத்தாது, கம்பி தளர்ந்தா அழாது. அதனால தாத்தா கால்களைப் பார்த்த கையோட இப்போ நாற்காலியையும் பார்க்கிறேன். முன் சக்கர அச்சுல முடியும் நூலும் சுத்தியிருந்தா எடுப்பேன். எக்ஸ் நடுப் போல்ட்டையும் மத்த நட்டுகளையும் பார்ப்பேன். சக்கரக் கம்பி தளர்ந்திருக்கா, சீட் துணி கிழிஞ்சோ தொங்கியோ இருக்கா, தள்ளுற கைப்பிடி ரப்பர் கழன்று வருதான்னு பார்ப்பேன். மழையில் நனைஞ்சா துடைச்சு, மடியற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய். ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷ வேலை. நாம பைக்குக்குப் பண்றதுல பாதிகூட இல்ல.

தள்ளும்போது ஞாபகம் வெச்சுக்கங்க:

ஏறும்போதும் இறங்கும்போதும் ரெண்டு பிரேக்கும் போட்டிருக்கணும், கால்மிதி மேலே தூக்கியிருக்கணும். கால்மிதி மேல நின்னா நாற்காலி முன்பக்கம் கவிழும்.

செங்குத்தான சரிவில் இறங்கும்போது திருப்பி, பின்பக்கமா இறக்குங்க. திண்டு இறங்கும்போதும் பெரிய சக்கரம்தான் முதல்ல.

ஆளோட தூக்க வேண்டி வந்தா, கழலாத சட்டத்தைப் பிடிங்க. கைவைக்கும் கட்டையும் கால்மிதியும் கழன்று கையோட வந்துடும்.

பின் கைப்பிடியில் கனமான பை மாட்டாதீங்க, பின்பக்கம் சாயும்.

வெயில்ல நின்ன நாற்காலியில் முதல்ல உங்க கையை வெச்சுப் பாருங்க. அப்புறம் அவங்களை உட்கார வைங்க.

கடைசியா ஒண்ணு. நாளைக்கு நம்மள்ல யாராவது கட்டடம் கட்டுவோம், மெஷின் டிசைன் பண்ணுவோம். ஒரு அடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம் வேணும், அதுதான் பாதுகாப்பான சரிவு. இடம் இல்லன்னு அதை நாலு அடியில் முடிச்சா, அந்தத் தப்பு நமக்கு வலிக்காது. அதுல உருண்டு விழறவங்களுக்குத்தான் வலிக்கும். எங்க தாத்தா மாதிரி ஆளா இருந்தா, அவருக்கும் வலிக்காது. ராத்திரி பாட்டி பார்த்துத்தான் தெரியும்.

அதனால நண்பர்களே, அடுத்த தடவை ஆஸ்பத்திரியிலயோ ரயில்வே ஸ்டேஷன்லயோ யாரையாவது தள்ள வேண்டி வந்தா, குனிஞ்சு ஒரு நிமிஷம் பாருங்க. டயர், பிரேக், கால் எங்க இருக்கு. தாத்தா இப்போ சாயங்காலம் தெருமுனை டீக்கடை வரைக்கும் என்னோட வர்றார். கிளம்புறதுக்கு முன்னாடி நான் குழாயைத் தொட்டுப் பார்க்கறதைப் பார்த்து, சூடு எவ்வளவுன்னு கிண்டல் பண்றார்.